இருபத்தெட்டுக் காலாண்டுகள்

ஏப்ரல் 5, புதன்

தபித்தாவுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. ஜூன் பதினான்குக்கு எழுபது நாட்கள் இருக்கின்றன. அன்று அவளுக்குப் பதினெட்டு.

ஹெப்சி அக்காவும் அத்தானும் வேன் விபத்தில் போனதற்கு, தீர்ப்பாயம் அவர்கள் மகள் தபித்தாவின் பங்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்று எழுதியது. மேஜராகும் வரை வங்கியில் வைப்பாகக் கிடக்க வேண்டும். காப்பாளர்: பியூலா, மைனரின் சித்தி. தீர்ப்பு வந்தபோது மைனருக்குப் பதினொன்று, எனக்கு இருபத்திரண்டு.

இந்த எழுபது நாட்களுக்குள் பணத்தைக் கையாள அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். வயது வந்ததும் இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்த பிள்ளைகளின் கதைகள் பாளையங்கோட்டையில் நிறைய உண்டு. எல்லாம் ஒரு பைக்கில் தொடங்கும்.

இன்று பத்தாயிரம் ரூபாயை அவள் கையில் கொடுத்தேன். வாடகை தவிர இந்த மாதச் செலவு முழுவதும் அவள் பொறுப்பு.

"நெஜமாவா? நா என்ன வாங்கினாலும் கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேன். எழுதி வச்சிருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப மொதல்ல உங்க காப்பித்தூளத்தான் கட் பண்ணுதேன்."

சிரித்தோம். பிறகு நோட்டைத் திறந்தபடியே கேட்டாள்: "ஏப்ரல், மே ரெண்டு மாசமும் காலேஜ்ல உங்களுக்குச் சம்பளமே கிடையாதே. இது எங்கேருந்து சித்தி?"

சேமிப்பு என்றேன்.

காலையில் வங்கிக்குப் போயிருந்தேன். கூட்டம் இல்லை.


ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெயில். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தேன். உணவு, வீடு, போக்குவரத்து என்று மூன்று தலைப்புகள் போதும் என்று சொல்லியிருந்தேன். நான்காவதாக, எல்லாவற்றுக்கும் மேலே, "காணிக்கை" என்று அவளே ஒன்று போட்டிருக்கிறாள். பத்தாயிரத்தில் ஆயிரம் அதற்குப் போய்விட்டது.

"இது உன் வருமானம் இல்லையே."

"வீட்டு வருமானம்தானே? அம்மா அப்படித்தான் எடுப்பா. சம்பளக் கவரைப் பிரிச்சதும் பத்துல ஒண்ணு தனியா. மிச்சம்தான் நம்மளது."

அக்கா அப்படித்தான் எடுப்பாள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் எடுப்பதில்லை.


ஏப்ரல் 12, புதன்

மூன்று நாட்களாகக் குழம்பில் வெங்காயம் இல்லை.

"ஏட்டி, சிக்கனமா இருன்னுதான் சொன்னேன். பட்டினி போடச் சொல்லல."

"வெங்காயம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. எம்.பில். படிச்சவுங்கதானே, கற்பனை வராதா?"

கீழ்வீட்டு மரகதம் அக்கா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தில் நறுக்கின வெங்காயம் கொடுத்தனுப்பினாள். தபி அதையும் நோட்டில் எழுதினாள். "வெங்காயம், ஓசி, 0.00."

கெட்டிக்காரி. எனக்கு ஏனோ பயமாக இருந்தது.


ஏப்ரல் 16, ஞாயிறு

நான்கு ஆண்டுத் திட்டம் போட்டுக் காட்டினாள். இதற்காகவே தனி நோட்டு, சிவப்புக் கோடு, ஓரத்தில் இடம்.

சென்னையில் ஆப்டோமெட்ரி. கண் பரிசோதனைக்கான பட்டப்படிப்பு. ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட அந்தப் பெண்ணைப் பார்த்ததிலிருந்து இதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பலகை தெளிவானபோது அழுதாளாம். எனக்கு அது தெரியாது. நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம். நான்கு ஆண்டுக்கு எட்டு லட்சத்து எண்பதாயிரம்.

எதிர்ப்பக்கத்தில் வரவு. அசல் 6,40,000. வட்டி, மூன்று மாதத்துக்கு 10,400 வீதம் இருபத்தெட்டுக் காலாண்டுகள்: 2,91,200. ஆக மொத்தம் 9,31,200.

"கட்டணம் போக அம்பத்தோராயிரத்து எரநூறு மிச்சம் சித்தி. ஊருக்கு வந்து போக, புஸ்தகம், கோட்டு. கரெக்டா இருக்கு பாருங்க. அளந்து தச்ச மாதிரி."

வட்டி விகிதம் இந்த ஏழு ஆண்டில் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. அவள் ஒரே எண்ணை வைத்துப் பெருக்கிவிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் சரியான எண்ணைச் சொல்ல வேண்டும்.

கூட்டல் சரி என்றேன். அது பொய் இல்லை.


ஏப்ரல் 17, திங்கள்

இதை எழுதிவிட வேண்டும்.

தீர்ப்பு வந்த வாரம் அவள் கேட்டாள். "அம்மா பணம் தீந்துருமா சித்தி?" இழப்பீடு என்ற சொல் அவளுக்குத் தெரியாது. அம்மா பணம். தீர்ந்தால் அம்மா இன்னொரு முறை போய்விடுவாள் என்பது போல முகம்.

நான் சொன்னேன்: "தீராது. நான் தொடவே மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவ பத்தாயிரத்து நானூறு வட்டி போடுவாங்க. அதுவும் அங்கயே கெடக்கும். நீ வளர வளர அதுவும் வளரும்."

உறங்கினாள்.

தீர்ப்பிலேயே இருக்கிறது: மைனரின் நலனுக்காகக் காப்பாளர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி நான் எதையும் திருடவில்லை. எடுக்க மாட்டேன் என்று சட்டத்திடம் நான் சொல்லவும் இல்லை. ஒரு பதினொரு வயதுப் பெண்ணிடம் சொன்னேன்.


ஏப்ரல் 30, ஞாயிறு

மாதக் கணக்கை ஒப்படைத்தாள். மிச்சம் 1,140 ரூபாய். நோட்டுகளை அடுக்கி, சில்லறையை மேலே வைத்து நீட்டினாள்.

"இத உங்க சேமிப்புல போடுங்க."

வாங்கிக்கொண்டேன்.


மே 8, திங்கள்

முடிவுகள். அறுநூறுக்கு ஐந்நூற்று முப்பத்தேழு. உயிரியலில் தொண்ணூற்றாறு. மரகதம் அக்கா கால் கிலோ அல்வா வாங்கி வந்து அவள் வாயில் திணித்தாள்.

"டாக்டருக்குப் போட வேண்டியதுதானே பிள்ள?"

"டாக்டருக்கு என் பட்ஜெட் பத்தாது அத்தை."

"பட்ஜெட்டாம்! இவ சித்திக்கு மாசக் கடைசில கறிவேப்பில வாங்கக் காசு இருக்காது. இவளுக்கு பட்ஜெட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சென்னைக் கல்லூரியின் படிவத்தை இணையத்தில் அவளே நிரப்பினாள். "கட்டணம் செலுத்தப்போவது யார்?" என்ற இடத்தில் "சுயம்" என்று எழுதினாள்.


மே 11, வியாழன்

அந்த வட்டியெல்லாம் எங்கே போயிற்று? நினைவிலிருந்து:

அவள் பள்ளிக் கட்டணம், முதல் மூன்று ஆண்டு. பல் கம்பி. இரண்டு கண்ணாடிகள். டெங்குக் காய்ச்சல், ஐந்து நாள். சைக்கிள். வீட்டு முன்பணம்.

என் எம்.பில். கட்டணம், இரண்டு தவணை. மடிக்கணினி. சம்பளம் இல்லாத பதினான்கு மாதங்களில் அரிசி, பால், மின்சாரம். அரிசியை இருவரும் சாப்பிட்டோம். எந்தத் தலைப்பு?

ஒன்பதாவது காலாண்டு. அதைத் தனியாக எழுத வேண்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. மரகதம் அக்காவிடம் அவளை விட்டுவிட்டு, நேர்முகத் தேர்வு என்று சொல்லிச் சென்னைக்குப் போனேன். நேர்முகத் தேர்வு எதுவும் இல்லை. எழும்பூரில் ஓர் அறை. மூன்று நாள் தூங்கினேன். மூன்று நாள் யாரும் என்னைச் சித்தி என்று கூப்பிடவில்லை. எனக்கு இருபத்து நான்கு வயது என்பது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்டாள். போகப் போகத் தெரியும் என்றேன், கடிதம் வரும் என்றேன். ஒரு மாதம் அந்த வேலைக்காக முழங்காலில் நின்று ஜெபித்தாள்.


மே 14, ஞாயிறு

இன்றைய பாடம்: கையில் வராத பணத்தை வரவில் எழுதாதே.

அவள் நோட்டைப் பார்த்தாள். "அப்ப இந்த ஒம்பது லட்சம்?"

"அதுதான் சொல்லுதேன். கைக்கு வரட்டும்."

"பாங்க்ல இருக்கறது கையில இருக்கற மாதிரிதானே? நீங்க ஒரு ஆளு. எல்லாத்துக்கும் பயப்படுவீங்க."

பாடம் அங்கேயே முடிந்தது.


மே 21, ஞாயிறு

ஜங்ஷன் போகும் பேருந்தில் சொல்லிவிடுவது என்று இருந்தேன். பேருந்து நல்ல இடம். முகத்தைப் பார்க்க வேண்டாம், சத்தம் இருக்கும், இறங்க ஓர் இடம் இருக்கும்.

கொக்கிரகுளம் தாண்டியதும், "தபி, அந்த வட்டி" என்றேன்.

"மறக்கல சித்தி. நானே சொல்லணும்னு இருந்தேன். அசலுக்குப் பத்துல ஒண்ணு குடுத்தா என் படிப்பு போயிரும். யோசிச்சுப் பாத்தேன். அசல் வெத மாதிரி. வெதையில யாராவது காணிக்க எடுப்பாங்களா? வட்டிதான் வெளச்சல். அதுல பத்துல ஒண்ணு. இருபத்தொம்பதாயிரத்து நூத்திருவது. பொருத்தன பண்ணிட்டேன்."

"யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்டதான். வேற யார்கிட்ட பண்ணுவாங்க?"

ஆற்றுப் பாலம். தண்ணீர் குறைவு. இறங்கினோம்.


ஜூன் 3, சனி

சொல்லவில்லை.


ஜூன் 9, வெள்ளி

கல்லூரி திறந்துவிட்டது. இந்த ஆண்டும் கௌரவ விரிவுரையாளர்தான். பதினையாயிரம். கௌரவம் தனி. சொல்லவில்லை.


ஜூன் 14, புதன்

பதினெட்டு.

கேக் 420. மெழுகுவர்த்தி போன ஆண்டினுடையது. "ரெண்டாவது தடவ எரியாதுன்னு எழுதியிருக்கா?" என்றாள். புது உடை வேண்டாம் என்றுவிட்டாள். அக்காவின் நீலச் சேலையைக் கட்டினாள். இடுப்பில் சரியாக நிற்கவில்லை, மரகதம் அக்கா ஊக்கு குத்திவிட்டாள்.

வக்கீல் குமாஸ்தா சங்கரலிங்கம் அண்ணனிடமிருந்து தொலைபேசி. பணம் கேட்டு மனுப் போட வைப்புக் கணக்கின் முழு விவரம் வேண்டுமாம். "பாப்பாவையே பாங்குக்கு அனுப்புங்க மேடம். இனி அதுதான் மேஜர். நீங்க கூடப் போனா போதும்."


ஜூன் 20, செவ்வாய்

தேர்வுக் கண்காணிப்புப் பணி இருக்கிறது, நீ மட்டும் போய் வா என்று அவளிடம் சொன்னேன்.

இன்று தேர்வு இல்லை.

மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து முதல் ஒன்றரை வரை ஒரே பக்கம். பதினொன்றரைக்கு அவள் வங்கிக்குள் நுழைந்திருப்பாள். பன்னிரண்டுக்குள் கையில் தாள் வந்திருக்கும். நான் சொல்ல வேண்டியதை ஓர் இயந்திரம் அச்சடித்துக் கொடுத்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது சோறு வடித்திருந்தாள். புளிக்குழம்பு. வெங்காயம் போட்டு.

"குடுத்தாங்களா?"

"ம். கவர்ல போட்டு சங்கரலிங்கம் அண்ணன்கிட்ட குடுத்துட்டேன்."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கையெழுத்து வாங்கினாங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

இருப்பு மட்டும் எழுதின சான்றிதழாக இருக்கலாம். சில வங்கிகளில் அப்படித்தான் கொடுப்பார்கள்.


ஜூன் 21, புதன்

ஒன்றும் கேட்கவில்லை.


ஜூன் 22, வியாழன்

ஒன்றும் கேட்கவில்லை. என் பழைய கைப்பையின் கிழிந்த வாரைத் தைத்துக் கொடுத்தாள்.


ஜூன் 27, செவ்வாய்

நான்கு ஆண்டுத் திட்ட நோட்டு மேசையில் இல்லை. தேடவில்லை. தேடியிருக்கலாம், ஒரே அலமாரிதான்.

மாலையில் துணி மடிக்கும்போது அருகில் வந்து உட்கார்ந்தாள். எதையோ எதிர்பார்ப்பது போல இருந்தாள். நான் மாணவர் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் பேசினேன். நெடுநேரம் பேசினேன். எழுந்து போய்விட்டாள்.


ஜூலை 12, புதன்

மதுரையிலிருந்து கடிதம். ஒரு கண் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவு. கண் உதவியாளர் பயிற்சி, இரண்டு ஆண்டு. தங்குமிடமும் உணவும் இலவசம், மாதம் சிறு உதவித்தொகை. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும்.

"இது எப்ப போட்ட?"

"போன மாசம். சும்மா போட்டு வச்சேன். நீங்கதான சொன்னீங்க, அவசர நிதின்னு ஒண்ணு எப்பவும் வேணும்னு. அந்த மாதிரி."

"சென்னை?"

"பாப்போம்."

கடிதத்தின் முதல் வரியைப் பார்த்தேன். அவள் விண்ணப்பித்தது ஜூன் இருபத்தொன்று.


ஜூலை 19, புதன்

பணம் அவள் கணக்குக்கு வந்துவிட்டது. உத்தரவு இவ்வளவு சீக்கிரம் வந்ததைச் சங்கரலிங்கம் அண்ணன் அதிசயம் என்றார். தொகையை அவர்தான் தொலைபேசியில் சத்தமாகச் சொன்னார். ஆறு லட்சத்து நாற்பதாயிரம். தபி என் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் வியப்பு இல்லை.


ஜூலை 23, ஞாயிறு

ஆராதனையில் விளம்பரங்கள் வாசிக்கும் நேரம். திருமணங்கள், நோயாளிகள், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். பிறகு ஸ்தோத்திரக் காணிக்கைகள். ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று, பேரன் பிறந்ததற்காக ஐயாயிரத்தொன்று.

"செல்வி தபித்தா, தேவன் தந்த விளைச்சலுக்காக, இருபத்தொன்பதாயிரத்து நூற்றிருபது ரூபாய்."

செயலர் தாளை மறுபடி பார்த்தார். மறுபடி வாசித்தார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. பக்கத்தில் மரகதம் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "அது என்ன நூத்தியிருவது? முழுசாக் குடுத்து ஒரு ரூவா சேத்துப் போடணும்னு இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கலியா நீ?"

அந்தத் தொகையின் பொருள் கோவிலில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். பாட்டுப் புத்தகத்திலிருந்து கண் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"ஏன் குடுத்த?"

"பொருத்தன பண்ணினேன்ல."

"வட்டி இல்லையே தபி."

முதன்முறையாகச் சொன்னேன். ஏழு ஆண்டில். இல்லாதது அவளுக்கே தெரிந்த பிறகு.

"வந்துச்சுல்ல சித்தி. யாரு செலவழிச்சாலும் வந்தது வந்ததுதான்."

"எப்பத் தெரியும்?"

"ஜூன் இருபது. ரெண்டு பக்கம் அடிச்சுக் குடுத்தாங்க. மேலேருந்து கீழ வரைக்கும் உங்க பேருதான். அந்த ஆபீசர் என்னப் பாத்து, ‘சட்டப்படிதாம்மா, வருத்தப்படாதே’ன்னாரு. தண்ணி குடுத்தாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு மாசம் ஒதுக்கி வச்சிருந்தேன்."

ஒரு மாசம் ஒதுக்கி வச்சிருந்தேன். நான் கற்றுக்கொடுத்த மொழி.

மே பதினொன்றின் பட்டியலைக் காலாண்டு வாரியாகத் தனித்தாளில் எழுதி வைத்திருந்தேன், அதை எடுத்து வாசித்தேன். பல் கம்பி, கண்ணாடி, டெங்கு, எம்.பில்., அரிசி. அவள் குறுக்கிடவில்லை. இருபத்தெட்டில் பத்தொன்பதுக்கு என்னால் கணக்குச் சொல்ல முடிந்தது.

"அரிசி நானும்தான சாப்பிட்டேன்" என்றாள். "எடுத்தது தப்புன்னு யார் சொன்னா? அதுல படிச்சுத்தான் உங்களுக்கு வேலை. அந்த வேலையிலதான் நான். எனக்குத் தெரியாதா? ‘எடுத்துட்டேன், இல்ல’ன்னு ஒரு வார்த்த. ஏப்ரல்ல சொல்லியிருந்தா நான் அந்த நோட்டே போட்டிருக்க மாட்டேன். செவப்புக் கோடு போட்டு, ச்சே."

அந்த "ச்சே" தன் மீதுதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ஒம்பதாவது? இதுக்கு நேரா ஒண்ணும் எழுதல?"

நேர்முகத் தேர்வுக்குப் போன செலவு என்றேன்.

"ஓ. அந்த மெட்ராஸ் வேல" என்றாள். "பாவம் நீங்க."


ஜூலை 25, செவ்வாய்

கல்விக் கடன் போடலாம் என்றேன். மீதி ஆண்டுகளுக்கு. நான் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

"உங்க கையெழுத்து போதும் சித்தி."

கோபமாகச் சொல்லவில்லை. ஒருவேளை அதை வேறு அர்த்தத்தில்கூடச் சொல்லவில்லை. அவள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள், மதுரைப் படிவத்தை நிரப்ப.

"இப்ப இருக்கறது ஆறு லட்சத்துப் பத்தாயிரத்து எண்ணூத்தி எம்பது. சென்னைக்குப் போனா மூணாவது வருஷம் முடியறதுக்குள்ள தீந்துரும். மிச்சத்துக்கு யார்கிட்ட கேக்க?"

கேள்வி இல்லை அது. நான் அறையில்தான் இருந்தேன்.


ஜூலை 26, புதன்

சென்னைக் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி. இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் செலுத்தவும்.

பார்த்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவு அரைக்கக் கொடுக்கப் போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. மாவு மில் தெருமுனையில் இருக்கிறது.


ஜூலை 28, வெள்ளி

மாலை ஐந்து மணி. கடந்தது.


ஜூலை 31, திங்கள்

மதுரைப் பேருந்து ஏழே காலுக்கு. ஒரு பெட்டி, ஒரு வாளி, தலையணை. மரகதம் அக்கா முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்து அழுதாள். "அங்க போய் எவன் கண்ணையாவது குத்திராத பிள்ள." தபி சிரித்தபடி அவளைக் கட்டிக்கொண்டாள். என்னையும் கட்டிக்கொண்டாள். அதே நேர அளவு.

பேருந்து ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னேன். "மாசம் ரெண்டாயிரம் அனுப்புதேன். அந்த வட்டிக்கு. கொஞ்சங் கொஞ்சமா."

"அனுப்பிட்டுச் சொல்லுங்க சித்தி. சொல்லிட்டு அனுப்பாதீங்க."

நடத்துநர் விசில் அடித்துவிட்டார்.


ஆகஸ்ட் 1, செவ்வாய்

இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 6, ஞாயிறு

தொலைபேசினாள். நான்கு நிமிடம். அறையில் ஆறு பேர். காலை ஐந்தரைக்கு எழுப்புகிறார்கள். வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் முதல் வேலையாம். "கைய விட மாட்டேங்கறாங்க சித்தி. உக்காந்த பெறகும் புடிச்சுக்கிட்டே இருக்காங்க." மருந்து விட்ட கண்ணோடு ஒரு பாட்டையா அவளைத் தன் பேத்தி என்று நினைத்துத் திட்டினாராம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 10, வியாழன்

சம்பளம் வரவில்லை. ஜூன் மாதத்துக்கே இன்னும் வரவில்லை. பதிவாளர் அறையில், அடுத்த வாரம் என்றார்கள்.

அனுப்பவில்லை. அனுப்ப முடியவில்லை என்று சொல்லவும் இல்லை.


ஆகஸ்ட் 20, ஞாயிறு

மூன்று நிமிடம். இந்த முறை நான் சொன்னேன். "இந்த மாசம் அனுப்ப முடியல தபி. சம்பளம் வரல."

பின்னால் யாரோ பக்கெட்டை இழுக்கும் சத்தம்.

"சரி சித்தி" என்றாள். குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பெல்லாம் முடியும்.


செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். மாணவிகள் பேனா கொடுத்தார்கள். மூன்று மணிக்கு இரண்டு மாதச் சம்பளம் ஒன்றாக வந்தது. கல்லூரி வாசலைத் தாண்டும் முன்பே அவள் கணக்குக்கு நான்காயிரம் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பிறகுதான் அழைத்தேன்.

"வந்துச்சு சித்தி. இப்பத்தான் பாத்தேன். நானே கூப்பிடணும்னு இருந்தேன்." மூச்சு வாங்கினாள், படி ஏறிக்கொண்டிருந்தாள் போல. "நோட்டுல எழுதணும். எந்தத் தலைப்புல போட?"

"என்ன தலைப்பு?"

"வரவுல ரெண்டு பக்கம் வச்சிருக்கேன். வர வேண்டிய கடன்னு ஒண்ணு. வீட்டுலேருந்துன்னு ஒண்ணு. இது எதுல?"

சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. கடன் என்றால் இன்னும் இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து இருநூறு இருக்கிறது, அது தீரும்வரை நாங்கள் பேசிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். வீட்டிலிருந்து என்றால் கடன் அப்படியே கிடக்கும், ஆனால் ஒரு வீடு இருக்கும். எதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

"நீயே பாத்துப் போடு தபி" என்றேன்.

யாரோ "சிஸ்டர், எங்க உக்கார?" என்று கேட்டார்கள். "இங்க வாங்க தாத்தா, என் கையப் புடிச்சுக்கோங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு தொலைபேசிக்கு வந்தாள்.

"இப்போதைக்குப் பென்சில்ல எழுதி வைக்கேன் சித்தி."